அலெக்ஸ் அனுப்பிய நான்கு கடிதங்கள்

2020 மார்ச் 5ஆம் தேதி அமெரிக்காவில் ஒளியேறிய 'கிரேஸ் அனாட்டமி' அத்தியாயத்தில் மருத்துவர் அலெக்ஸ் கரேவ் நான்கு பேருக்குக் கடிதம் எழுதுகிறான். ஒன்று உயிர்த்தோழி மெரடித்துக்கு. ஒன்று மனைவி ஜோவுக்கு. மற்ற இரண்டும் அவனை ஆளாக்கிய மூத்த மருத்துவர்கள் பெய்லிக்கும் வெப்பருக்கும். விஷயம் ஒன்றுதான். நான் இனி திரும்பி வரமாட்டேன். முதல் மனைவி இஸ்ஸியோடு கான்சாஸில் ஒரு பண்ணை வீட்டில் இருக்கிறேன். எங்களுக்கு இரட்டைப் பிள்ளைகள், ஐந்து வயதாகிறது. எனக்கே இப்போதுதான் தெரிந்தது. ஜோ, விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு இத்தோடு வைத்திருக்கிறேன்.

அந்த அத்தியாயம் வந்து 13 நாளில் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. எல்லாரும் வீட்டில், எல்லார் கையிலும் ரிமோட். அதனாலோ என்னவோ, அலெக்ஸ் மீதான கோபம் நம் ஊரில் கொஞ்சம் கூடுதலாகவே பற்றிக்கொண்டது. இன்றைக்கும் வானொலியில் அவன் பெயரை எடுத்தால் போதும், புலனத்தில் செய்திகள் வந்து விழுகின்றன. அலெக்ஸாக நடித்த ஜஸ்டின் சேம்பர்ஸ்கூட மறந்திருப்பார். நம் அக்காமார் மறக்கவில்லை.

(இந்தத் தொடரை இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்று வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அடுத்த பக்கத்துச் சமையல் குறிப்புக்குப் போய்விடுங்கள். யார் செத்தார், யார் ஓடினார் என்று எல்லாவற்றையும் உடைக்கப் போகிறேன்.)

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஷோண்டா ரைம்ஸ் உருவாக்கிய தொடர். 2005 மார்ச்சில் தொடங்கி 20 ஆண்டுகளைத் தாண்டியும் ஓடுகிறது. சியாட்டல் நகரத்து மருத்துவமனை ஒன்றில் அறுவை சிகிச்சை கற்றுக்கொள்ள ஐந்து பயிற்சி மருத்துவர்கள் வருகிறார்கள்: மெரடித், கிறிஸ்டினா, இஸ்ஸி, ஜார்ஜ், அலெக்ஸ். கற்றுக்கொண்ட நேரம் போக மீதி நேரமெல்லாம் காதல்தான். ஹென்றி கிரே 1858இல் வெளியிட்ட புகழ்பெற்ற உடற்கூறியல் நூலின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, அதை நாயகி மெரடித் கிரேயின் பெயரோடு சேர்த்துவிட்டார்கள். அதுதான் தலைப்பு.

நான் பல்கலைக்கழகத்தில் ஊடகம் படித்த காலத்தில் இந்தத் தொடர் எங்கள் விடுதியில் ஹார்ட்டிஸ்கில் அறை அறையாகச் சுற்றியது. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து ஆங்கிலத் தொடர் போட்டால் அப்பா முறைப்பார். "டாக்டர் சீரியல்ப்பா" என்று சொன்னால் முறைப்பு பாதியாகக் குறையும். மகள் டாக்டராகாவிட்டாலும் டாக்டர்களைப் பார்த்துக்கொண்டாவது இருக்கட்டும் என்கிற நப்பாசை. சரியாக அந்த நேரம் பார்த்து இரண்டு டாக்டர்கள் ஓய்வறைக் கதவைச் சாத்திக்கொள்ளும் காட்சி வரும். "இதுதான் அங்க படிக்கிற படிப்பா?" என்று கேட்டுவிட்டு அப்பா எழுந்து போய்விடுவார். அம்மா போகமாட்டார். அடுத்து என்ன என்று தெரிய வேண்டுமே.

ஜோடிகளைப் பற்றிச் சண்டை போடுவதற்கு இளைஞர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஷிப்பிங்'. உறவு என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் வாலைப் பிடித்து வந்தது. 1990களில் 'எக்ஸ் ஃபைல்ஸ்' ரசிகர்கள் மூலமாகப் பரவியது. (என் அப்பாவுக்கு ஷிப்பிங் என்றால் இன்றும் கிள்ளான் துறைமுகம்தான்.) இரண்டு பெயர்களை ஒட்டவைத்து ஜோடிக்கு ஒரு பெயரும் வைப்பார்கள். மார்க்கும் லெக்ஸியும் 'ஸ்லெக்ஸி', ஜோவும் அலெக்ஸும் 'ஜோலெக்ஸ்', மெரடித்தும் டெரெக்கும் 'மெர்டெர்'. கடைசிப் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், கொலை மாதிரிக் கேட்கும். அப்படித்தான் முடிந்தது.

டெரெக் ஷெப்பர்டைக் கொன்றது 2015 ஏப்ரல் 23இல் வந்த அத்தியாயம். பதினோரு பருவம் கதாநாயகனாக இருந்த மூளை அறுவை நிபுணர் டெரெக். சாலை விபத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்றிவிட்டுக் காரில் ஏறுகிறான், லாரி மோதுகிறது. கொண்டுபோன சின்ன மருத்துவமனையில் தலைக்கு சிடி ஸ்கேன் எடுக்கத் தாமதமாகிறது. தனக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும், வாய் திறந்து சொல்ல முடியாது. கடைசியில் உயிர்காக்கும் கருவியை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போடுவது மெரடித்.

ரசிகர்கள் கொதித்தார்கள். அவனைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி இணையத்தில் மனு போட்டு ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். இனி பார்க்கவே மாட்டோம் என்று சபதம் எடுத்தார்கள். அப்புறம்? பார்த்தார்கள். 2020 நவம்பரில் மெரடித் கோவிட் கண்டு நினைவு மங்கிக் கிடக்கும்போது, கனவில் ஒரு கடற்கரை, அங்கே டெரெக் நின்று அவளைக் கூப்பிடுகிறான். அந்த ஒரு காட்சிக்காக ஐந்தரை ஆண்டுக் கோபத்தைக் கரைத்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். என் தோழி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு நள்ளிரவு கடந்து எனக்குக் குரல் பதிவு அனுப்பினாள். அதில் அழுகை மட்டும்தான் இருந்தது, பேச்சே இல்லை.

லெக்ஸியும் மார்க்கும் இதற்கு முந்திய கதை. 2012இல் எட்டாம் பருவத்தின் முடிவில் விமானம் விழுந்து லெக்ஸி சாகிறாள். அடுத்த பருவத்தின் தொடக்கத்தில் மார்க். பின்னர் மருத்துவமனைக்கே இருவர் பெயரையும் சேர்த்து 'கிரே ஸ்லோன்' என்று வைக்கிறார்கள். அதைப் பார்த்து அழுதவர்கள் யாரும் எழுத்தாளரைத் திட்டி நான் கேட்டதில்லை. திட்டினாலும் அதில் ஒரு பாசம் இருக்கும், நம் வீட்டுத் துக்கத்தில் விதியைத் திட்டுவது போல.

அலெக்ஸுக்கு வருகிற வசவில் அந்தப் பாசம் துளிகூடக் கிடையாது.

இத்தனைக்கும் அவன் சாகவில்லை. நன்றாக இருக்கிறான். பண்ணை, மனைவி, இரண்டு பிள்ளைகள். கதைக் கணக்குப்படி அது சுப முடிவு. பிறகு ஏன் இந்தக் கோபம்? சாவைப் பொறுத்துக்கொண்ட பார்வையாளர் இதை ஏன் பொறுக்கவில்லை? எனக்குத் தோன்றும் காரணம், அந்தக் கடிதத்தை எழுதியது நமக்குத் தெரிந்த அலெக்ஸ் இல்லை என்பதுதான்.

15 ஆண்டுகளாக நாம் பார்த்த ஆளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முதல் பருவத்தில் வெறுக்கத்தக்கவன். இஸ்ஸி படிப்புச் செலவுக்காக உள்ளாடை விளம்பரத்துக்கு நின்ற படத்தை மருத்துவமனை முழுக்க ஒட்டிவைத்தவன். கிறிஸ்டினா அவனுக்கு வைத்த பட்டப்பெயரைத் தமிழில் சொன்னால் 'பிசாசுக்குப் பிறந்தவன்' என்று வரும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிகிறது: அடிக்கிற அப்பா, மனநோயோடு போராடும் அம்மா, இந்த வீட்டிலும் அந்த வீட்டிலும் வளர்ந்த பிள்ளைப்பருவம். அந்த முரடன் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவனாகிறான். புற்றுநோயோடு கிடந்த இஸ்ஸியைக் கல்யாணம் செய்கிறான். அவள் குணமானபின், வேலை போன கோபத்தில் அவனைத் தவறாக நினைத்து, சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டே போய்விடுகிறாள். 2010இல் அவள் திரும்பி வந்து நிற்கும்போது அவன் சொல்வதைக் கேட்டுத்தான் அவன்மீது பலருக்கு மரியாதையே வந்தது. விட்டுவிட்டு ஓடாத ஒருத்தி எனக்கு வேண்டும், அந்தத் தகுதி எனக்கு உண்டு, நீ போய் எங்கேயாவது சந்தோஷமாக இரு, இங்கே திரும்பி வராதே என்கிற பொருளில் பேசுகிறான்.

இப்போது ஜோவைப் பாருங்கள். ஜோ வில்சன், பிறந்த கையோடு தீயணைப்பு நிலையத்தில் விட்டுப்போகப்பட்ட குழந்தை. பதின்ம வயதில் காருக்குள் படுத்து உறங்கியவள். அடித்துக் கொடுமைப்படுத்திய முதல் கணவனிடமிருந்து பெயரையே மாற்றிக்கொண்டு தப்பி வந்தவள். பெற்ற தாயைத் தேடிப் போய்ப் பார்த்து, உடைந்து, படுக்கையிலிருந்து எழ முடியாமல் கிடந்தபோது பக்கத்தில் இருந்தவன் அலெக்ஸ். உலகத்தில் எவன் வேண்டுமானாலும் ஜோவை விட்டுப்போகலாம். இவன் மட்டும் போகமாட்டான் என்று தொடரே நமக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தது. அவளுக்குத்தான் கடிதம், கூடவே விவாகரத்துப் பத்திரம்.

"செத்துப் போயிருந்தாக்கூட மனசு ஆறிருக்கும்" என்று ஒரு நேயர் எழுதியிருந்தார். கேட்கக் கொடூரமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் இந்தக் கருத்தைச் சொன்னவர் அவர் ஒருவர் மட்டும் அல்ல. அலெக்ஸ் செத்திருந்தால் ஜோவை நேசித்தவனாகவே செத்திருப்பான். அந்த 15 ஆண்டும் அப்படியே நம்மிடம் இருந்திருக்கும்.

எழுத்தாளர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஜஸ்டின் சேம்பர்ஸ் விலகுகிறார் என்ற செய்தி 2020 ஜனவரியில் வெளியானது. திரையில் அவர் கடைசியாகத் தெரிந்தது அதற்கு முன்பே, 2019 நவம்பரில். ஆள் கையில் இல்லை. பிரியாவிடைக் காட்சி எடுக்க முடியாது. இருந்ததெல்லாம் அவருடைய குரலும் பழைய காட்சிகளும். அப்போது தொடரைப் பொறுப்பேற்று நடத்திய கிரிஸ்டா வெர்னோஃப் முன்னால் இருந்தவை இரண்டு வழி. திரைக்கு வெளியே அவனைச் சாகடிக்கலாம், அல்லது திரைக்கு வெளியே எங்கேயாவது வாழவைக்கலாம். வாழவைத்தார்கள். மெரடித்தின் மருத்துவ உரிமம் பறிபோகும் நிலை வந்தபோது அவளுக்கு ஆதரவுக் கடிதம் கேட்டுப் பழைய நண்பர்களுக்கெல்லாம் அலெக்ஸ் போன் போட்டான், அப்படித்தான் இஸ்ஸியின் குரலைக் கேட்டான் என்று முடிச்சுப் போட்டார்கள். பிள்ளைகள் எப்படி வந்தார்கள் என்பதற்கும் ஐந்தாம் பருவத்திலேயே விதை இருக்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன் அவர்கள் கருமுட்டைகளைச் சேர்த்து உறையவைத்தது ஞாபகம் இருப்பவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வானொலியில் நேரடி ஒலிபரப்பு செய்கிறவள் என்ற முறையில், வராத விருந்தினரை வைத்து ஒரு மணி நேரம் ஓட்டுவது எவ்வளவு பெரிய பாடு என்று எனக்குத் தெரியும். தையல் வேலை சுத்தம். ஆனால் தைக்கப்பட்ட சட்டை வேறு யாருக்கோ அளவெடுத்தது.

எல்லாரும் கோபப்பட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. 2005இலிருந்து பார்த்தவர்களில் ஒரு கூட்டம் மகிழ்ந்தது. அவர்களுக்கு அலெக்ஸின் ஜோடி என்றால் இஸ்ஸிதான். 2009இல் நூறாவது அத்தியாயத்தில் மெரடித் தன் கல்யாணத்தையே விட்டுக்கொடுத்து அவர்களை மணமேடையில் ஏற்றினாளே, அந்தக் காட்சியோடு இருந்துவிட்டவர்கள். பின்னால் வந்த பருவங்களில் தொடங்கியவர்களுக்கோ இஸ்ஸி ஒரு கேள்விப்பட்ட பெயர், ஜோதான் வீட்டுப்பெண். நம் வீடுகளில் இது தலைமுறைச் சண்டையாகவே நடந்தது. எனக்குத் தெரிந்து கிள்ளானில் ஓர் அக்காவும் தங்கையும் இதற்காக இரண்டு நாள் பேசாமல் இருந்தார்கள். எட்டு வயது வித்தியாசம் அவர்களுக்கு. அக்கா இஸ்ஸி கட்சி, தங்கை ஜோ கட்சி.

பார்வையாளர் இப்படி முட்டிக்கொள்வதால் கதை மாறுமா என்றால், சில சமயம் மாறியிருக்கிறது. ஜார்ஜையும் இஸ்ஸியையும் சேர்த்துவைக்க முயன்றபோது யாருக்கும் பிடிக்கவில்லை. நாலாம் பருவத்திலேயே அதைக் கைகழுவிவிட்டார்கள். இதைவிடப் பெரிய உதாரணம் 'இ.ஆர்.' 1994 செப்டம்பரில் தொடங்கிய மருத்துவத் தொடர், மைக்கேல் கிரைட்டன் உருவாக்கியது. முதல் அத்தியாயத்தில் கேரல் ஹாத்தவே என்ற தாதி தற்கொலைக்கு முயன்று, தான் வேலை பார்க்கும் அவசரப் பிரிவுக்கே நோயாளியாக வருகிறாள். எழுதியபடி அவள் அத்தோடு செத்துப்போக வேண்டும். முன்னோட்டமாகப் பார்த்தவர்களுக்கு அவளைப் பிடித்துப்போனது. பிழைத்துக்கொண்டாள். ஜூலியானா மார்குலிஸ் அந்தப் பாத்திரத்தில் ஆறு பருவம் நடித்தார். ஜார்ஜ் குளூனி நடித்த டக் ராஸோடு அவளுக்கு ஏற்பட்ட உறவு அந்தத் தொடரின் முதுகெலும்பாகவே ஆனது. 1999இல் குளூனி விலகிவிட்டார். 2000 மே மாதம் மார்குலிஸ் விலகும் அத்தியாயத்தில், கேரல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சியாட்டலுக்குப் போய் இறங்குகிறாள். ஏரிக்கரையில் ஒரு வீடு. படகைக் கட்டிக்கொண்டு டக் நிற்கிறான். குளூனி வருவது ரகசியமாகவே வைக்கப்பட்டிருந்தது. பார்த்தவர்கள் துள்ளிக் குதித்தார்கள். அந்த முடிவை யாரும் பழிக்கவில்லை, ஏனென்றால் அந்த இரண்டு பேரும் அதைத்தான் செய்வார்கள்.

ஊடகப் படிப்பில் இதற்கு ஒரு பாடம் உண்டு. டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் 1956இல் எழுதிய கட்டுரை. திரையிலும் ஒலிபெருக்கியிலும் வருகிறவரோடு பார்ப்பவர், கேட்பவர் மனத்தில் வளரும் ஒருபக்க நட்பைப் பற்றியது. அவர்கள் காட்டிய உதாரணங்களில் ஒன்று 'லோன்சம் கேல்' என்ற அந்தக் காலத்து அமெரிக்க வானொலி நிகழ்ச்சி. பெயர் சொல்லாத ஒரு பெண்குரல், தனியாக இருக்கும் ஆண்களிடம் நேராகப் பேசுவது போலப் பேசும். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டு ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வந்தனவாம். வகுப்பில் இதைப் படித்தபோது சிரித்தோம். இன்று சந்தையில் மீன் வாங்கும்போது முன்பின் தெரியாதவர் என் குரலைக் கேட்டுத் திரும்பி, "என்னாம்மா, சளி பிடிச்சிருந்துச்சே, சரியாயிடுச்சா?" என்று கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்தக் கரிசனம் உண்மையானது. அவருக்கு என்னைத் தெரியும், ஒரு வகையில். நாளைக்கே நான் ஒலிவாங்கி முன்னால் வேறு ஆளாகப் பேசினால் அவருக்கு வலிக்கும்.

அடிக்கடி என்னிடம் கேட்கப்படும் இன்னொரு தொடரையும் சொல்லிவிடுகிறேன், 'ஹாஸ்பிட்டல் பிளேலிஸ்ட்'. கொரியத் தொடர். 2020 மார்ச் 12இல் தொடங்கியது, அதாவது அலெக்ஸின் கடிதங்கள் வந்த மறுவாரம். ஒரே மருத்துவக் கல்லூரியில் படித்த ஐந்து நண்பர்கள், ஒரே மருத்துவமனை, ஓய்வு நேரத்தில் இசைக்குழு. வாரத்துக்கு ஒரே அத்தியாயம். முதல் பருவத்தின் முடிவில் இதய அறுவை நிபுணர் ஜுன்வான், வெளிநாட்டில் படிக்கப்போன காதலிக்கு மோதிரம் வைத்து அனுப்பிய பொட்டலம் பிரிக்கப்படாமலே திரும்பி வருகிறது. அடுத்த பருவம் 2021 ஜூனில். ஓர் ஆண்டுக்கு மேலாக நம் பெண்பிள்ளைகள் அந்தப் பொட்டலத்தை நெஞ்சில் சுமந்துகொண்டு திரிந்தார்கள். சொங்ஹ்வாவும் இக்ஜுனும் சேர்வதற்கோ 20 அத்தியாயத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. யாரும் கோபப்படவில்லை. இங்கே யாரும் ஒரே நாளில் வேறு ஆளாக மாறுவதில்லை. காதலைச் சொல்லத் தயங்குகிறவர் கடைசிவரைக்கும் தயங்கித்தான் சொல்கிறார். என் அம்மாவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. "அதுங்க சாப்பிடுறதப் பாரேன், ஒழுங்கா உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட விடமாட்டேங்கிறாங்களே" என்பதுதான் அவருடைய முக்கியமான விமர்சனம்.

அம்மா என்றதும் கிறிஸ்டினா யாங் நினைவுக்கு வருகிறாள். சாண்ட்ரா ஓ நடித்த பாத்திரம். கிறிஸ்டினாவுக்கும் மெரடித்துக்கும் இடையிலான நட்புதான் 'கிரேஸ் அனாட்டமி'யின் உண்மையான காதல் கதை என்று சொல்பவர்கள் நிறையப் பேர், நானும் அந்தக் கட்சி. இரண்டாம் பருவத்தில் கருக்கலைப்புக்குப் போகும் கிறிஸ்டினா, அவசரத் தொடர்புக்கு ஒருவர் பெயர் வேண்டும் என்று படிவத்தில் கேட்டதால் மெரடித் பெயரை எழுதிவைக்கிறாள். அதிலிருந்து இருவரும் ஒருவருக்கொருவர் அந்த 'ஆள்'. இதைத் தமிழில் சொல்லத்தான் முடியவில்லை. "இவதான் என் ஆளு" என்று சொன்னால் நம் ஊரில் அர்த்தமே வேறு.

கிறிஸ்டினாவுக்குப் பிள்ளை வேண்டாம். கணவன் ஓவனுக்கு வேண்டும். எட்டாம் பருவத்தில் அவள் கருவைக் கலைக்கப் போகும்போது ஓவன் கூடவே போய்க் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்கிறான். சில அத்தியாயம் கழித்து, மெரடித்தின் மகளுடைய பிறந்தநாள் விழாவில் எல்லாருக்கும் கேட்கும்படி அதைச் சொல்லியே அவளிடம் கத்துகிறான். 2020இல் வீட்டில் அடைந்திருந்தபோது நானும் அம்மாவும் இதைச் சேர்ந்து பார்த்தோம். பிள்ளை வேண்டாம் என்கிற பெண்ணை அம்மா ஒரு வழி பண்ணப்போகிறார் என்று நான் தயாராகத்தான் இருந்தேன். எனக்குக் கல்யாணமாகி அப்போது நான்கு ஆண்டு. விருந்துக்குப் போகும் இடமெல்லாம் எனக்கும் ஒரே கேள்விதான். அம்மா திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கூட வந்து கையப் பிடிச்சவன், அப்புறம் நாலு பேரு முன்னால அதையே சொல்லிக் கத்தலாமா? அப்ப அவன் பிடிச்சது கை இல்லையே." அவ்வளவுதான். எழுந்து மைலோ கலக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு வந்த உறவினர் கல்யாணம் ஒன்றில் யாரோ ஆரம்பித்தபோது, என்னை முந்திக்கொண்டு அம்மாவே பேச்சை மாற்றினார். நாங்கள் இருவரும் அதைப் பற்றி நேராகப் பேசிக்கொண்டதே இல்லை. ஓவனைப் பற்றித்தான் பேசியிருக்கிறோம், நிறையவே.

தொலைக்காட்சி ஜோடிக்காக இவ்வளவு வருத்தமா என்று கேலி பேசுகிறவர்களுக்கு இதைத்தான் நான் சொல்வது வழக்கம். சொந்த வீட்டில் எடுக்க முடியாத பேச்சைப் பக்கத்து வீட்டுக் கதையாக எடுப்பது நமக்குப் புதிதா என்ன?

இரண்டு வாரத்துக்கு முன் காலை நிகழ்ச்சியில் "எந்தத் தொடரில் எந்த ஜோடி பிரிந்தபோது உங்களுக்குக் கோபம் வந்தது?" என்று கேட்டிருந்தேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் அழைத்தார். ஒலிபரப்பில் பேச வேண்டாம், உங்களிடம் மட்டும் சொல்கிறேன் என்றார். இங்கே எழுதிக்கொள்ள அனுமதி கேட்டேன், பேரும் ஊரும் வேண்டாம் என்றார். ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய மகள்தான் கட்டுப்பாட்டு ஆணை நேரத்தில் தொடரைப் பழக்கிவிட்டிருக்கிறாள்.

"அந்த அலெக்ஸு கடுதாசி எழுதுறானே, அன்னைக்கு நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பார்த்தாங்க, தங்கச்சி. என் மகளே பயந்துட்டா."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு சொன்னார்.

அவருடைய கணவர் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவர். முதல் இரண்டு ஆண்டு பணம் வந்தது, போன் வந்தது. பிறகு ஒரு நாள் ஒரு கடிதம். அங்கேயே இருந்துவிடப் போவதாக இரண்டு வரி. மகளுக்கு அப்போது நாலு வயது. மாமியார் வீட்டில் சத்தம் போடாதே, வெளியே தெரிந்தால் நமக்குத்தான் கேவலம் என்றார்கள். தாய் வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். மகளிடம் ஒருநாளும் அப்பாவைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது என்று அவரே முடிவெடுத்திருந்தார். வேலைக்குப் போனார், மகளைப் படிக்கவைத்தார். யாரிடமும் கோபப்பட அவருக்கு நேரமும் கிடைக்கவில்லை, இடமும் கிடைக்கவில்லை.

"இருபது வருஷம் கழிச்சு அவன்கிட்டதான் கத்தினேன். யாரு, அந்த டாக்டர்கிட்ட. அவனுக்கென்ன, காதுல விழவா போகுது?"

அன்று ராத்திரி மகள் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாளாம். அப்பா எழுதிய கடிதம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டாளாம். இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கிறார். மகள் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தாளாம். அதற்குப் பிறகு இருவரும் விடியும்வரை பேசிக்கொண்டிருந்தார்களாம். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை.

பாட்டு முடிய அரை நிமிடம் இருந்தது. கலையகத்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அத்தோட நாங்க பாக்குறத விட்டுட்டோம், தங்கச்சி. அந்தப் பிள்ள ஜோ, அப்புறம் என்ன ஆனா?"

"அறுவை சிகிச்சையை விட்டுட்டுப் பிரசவம் பாக்குற பக்கம் போயிட்டாக்கா. மறுபடியும் அடியிலேருந்து படிச்சு. தாய் இறந்துபோன ஒரு பச்சைக் குழந்தைய எடுத்து வளர்க்குறா. லூனான்னு பேரு."

"பொம்பளப் பிள்ளையா?"

"ஆமாக்கா."

"சரி சரி," என்றார். "எத்தனாவது பருவம்னு மட்டும் சொல்லு. மக வேலை முடிஞ்சு வரட்டும்."

பதினேழாவது என்றேன்.